திரை விலகிய பிறகு: உருவப்படத் திறப்பு விழாவும் ஓவியத்தின் விதியும்

1. கேள்வி

ஒருவரின் உருவத்தை ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, வேலை முடிந்ததும் விருந்தினரை அழைத்து, படத்தைத் திரையால் மூடிவைத்து, முக்கியமானவர் ஒருவர் கையால் திரையை விலக்கச் செய்வது உலகின் பல நாடுகளில் ஊன்றிய வழக்கம். அரண்மனை, நாடாளுமன்றம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், வணிக நிறுவனம், வீட்டுக் கூடம் என்று இடம் மாறினாலும் நிகழ்ச்சி நிரல் பெரிதாக மாறுவதில்லை. வரவேற்பு, புகழுரை, திரை விலகல், கைதட்டல், வரையப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரது ஏற்புரை, பிறகு விருந்து.

பல மாதங்கள், சில வேளைகளில் சில ஆண்டுகள், ஒரு ஓவியர் தனியாக உழைத்த படைப்பு இந்தச் சில நிமிடங்களில் பொதுவெளிக்கு வருகிறது. அந்தச் சில நிமிடங்கள் ஓவியத்துக்கு என்ன செய்கின்றன? அதன் பிற்கால வாழ்வை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறப்பு விழா கூடியிருப்பவர்களிடம் ஒப்புதலைக் கேட்கிறது. பார்ப்பதற்கு அவகாசம் தருவதில்லை. உள்ளபடியே இல்லாத ஒப்புதலை விழா வற்புறுத்திப் பெறும்போது, அதன் விலையை ஓவியம் பின்னால் கொடுக்கிறது. ஓவியம் பிழைக்குமா அழியுமா என்பதை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: வரையப்பட்டவர் அதை எப்போது, எந்தச் சூழலில் முதலில் பார்த்தார், படம் யாருக்குச் சொந்தமாயிற்று, வரைந்தவருக்கு மேடையில் இடம் இருந்ததா. 1954இல் லண்டனிலும் 1960களில் அமெரிக்காவிலும் 2018இல் வாஷிங்டனிலும் நடந்தவற்றையும், நம் சட்டமன்றப் படத்திறப்புகளையும் இந்த மூன்று காரணிகளைக் கொண்டு ஆராய்கிறேன்.

2. இதுவரையிலான புரிதல்

உருவப்படம் குறித்த கலை வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்று பேசுகின்றன. ஒன்று, ஓவியரின் பணிக்கூடம். வரைபவருக்கும் வரையப்படுபவருக்கும் இடையிலான உறவு, ஒத்திருத்தல் என்பதன் பொருள், சமூகத் தகுதி உருவமாவது போன்றவற்றை ரிச்சர்ட் பிரில்லியன்ட் உருவப்படக் கலை பற்றிய தம் 1991ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்கொண்டார். இரண்டாவது இடம், படம் மாட்டப்பட்ட சுவர். மனிதர்கள் உருவங்களை வெறும் பொருள்களாகக் கொள்ளாமல் உயிருள்ளவை போல நடத்துவதை, வணங்குவதும் முத்தமிடுவதும் சிதைப்பதுமாக அவற்றை எதிர்கொள்வதை, டேவிட் ஃபிரீட்பெர்க் 1989இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றும் நமக்கு அந்த நூலின் மையக் கருத்து புதிதன்று.

பணிக்கூடத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் அந்த மாலைப்பொழுது, அதாவது திறப்பு விழா, போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. அதைப் பற்றிப் பேசுபவர்களிடமும் இரண்டு நிலைப்பாடுகளையே காண்கிறோம். விழா என்பது மரியாதை, நன்றி, மகிழ்ச்சி ஆகியவற்றின் வெளிப்பாடு, அதில் ஆராய எதுவுமில்லை என்பது முதல் நிலைப்பாடு. விழா என்பது முழுக்க அதிகாரத்தின் அரங்கேற்றம், ஓவியம் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஓவியத்தை மறந்துவிடுகின்றன. முதலாவதற்கு அது பரிசுப்பொருள். இரண்டாவதற்கு அது அரசியல் கருவி. அது ஒருவர் வரைந்த படம், அதற்கென்று ஒரு பார்வை உண்டு என்பது இரண்டிலும் நழுவிவிடுகிறது.

நம் கோயில் மரபோடு ஒப்பிட்டால் இந்த நழுவல் தெளிவாகும். புதிய திருவுருவத்துக்குக் கண் திறக்கும் சடங்கில் உளியைப் பிடிப்பது ஸ்தபதியின் கை. உருவம் உயிர்பெறும் கணத்தில் செய்தவரே அங்கே முதல் ஆள். அதன் பிறகே மற்றவர்கள் வருகிறார்கள். உருவப்படத் திறப்பிலோ கயிற்றை இழுப்பவர் வேறொருவர். வரைந்தவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

3. வெஸ்ட்மின்ஸ்டர், நவம்பர் 30, 1954

பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த உறுப்பினர்கள் பணம் திரட்டி ஓர் உருவப்படம் பரிசளிக்க முடிவு செய்தார்கள். பொறுப்பு கிரகாம் சதர்லாண்ட் என்ற ஓவியருக்குப் போயிற்று. ஊதியம் 1000 கினி. சதர்லாண்ட் அப்போது நவீன பிரிட்டிஷ் ஓவியத்தின் முன்னணிப் பெயர்களில் ஒன்று. உருவப்படத்துக்கு அவர் வந்தது தாமதமாகத்தான். 1949இல் எழுத்தாளர் சாமர்செட் மாமை வரைந்ததே அவரது முதல் உருவப்படம். அதில் மாமின் முகச்சுருக்கமும் கசந்த வாயும் அப்பட்டமாகத் தெரிகின்றன. ஆகவே சதர்லாண்ட் எப்படி வரைவார் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாத செய்தியாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

சர்ச்சிலின் சார்ட்வெல் வீட்டில் 1954 ஆகஸ்டில் அமர்வுகள் தொடங்கின. உயர்பட்டமான கார்ட்டர் விருதுக்குரிய அங்கியில் தம்மை வரைய வேண்டும் என்று சர்ச்சில் விரும்பினார். அவர் அவைக்கு வழக்கமாக அணிந்துவரும் உடையிலேயே படம் இருக்க வேண்டும் என்பது பரிசளிப்போரின் விருப்பம். உடையைப் பற்றிய இந்தச் சிறு பிணக்கிலேயே பின்னால் நடக்கவிருந்தது தெரிகிறது. வரையப்படுபவர் தம்மை வரலாற்று நாயகராகப் பார்த்தார். பரிசளிப்போர் தங்கள் சக உறுப்பினரைக் கேட்டார்கள். ஓவியர் எதிரே அமர்ந்திருந்த முதியவரைப் பார்த்தார்.

அமர்வுகளின்போது சதர்லாண்ட் வரைந்துகொண்டிருந்ததை முழுமையாகக் காட்டவில்லை. விழாவுக்குப் பத்து நாள் முன்பு, நவம்பர் 20 அன்று, சர்ச்சிலின் மனைவி கிளெமென்டைன் முடிந்த படத்தைப் பார்த்து, அதன் புகைப்படம் ஒன்றைக் கணவருக்கு எடுத்துச் சென்றார். சர்ச்சில் முதலில் பார்த்தது அந்தப் புகைப்படத்தைத்தான். அவர் மனம் கொதித்தது. இந்தப் படம் இல்லாமலே விழா நடக்கும் என்று ஓவியருக்கு எழுதினார். பரிசளிப்புக் குழுவின் சார்பில் சார்லஸ் டவுட்டி என்ற உறுப்பினர் சென்று, படத்தை ஏற்க மறுத்தால் பணம் கொடுத்த சக உறுப்பினர்கள் புண்படுவார்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகே இறங்கிவந்தார்.

விழா வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்தது. பதினோராம் நூற்றாண்டில் எழுந்த அந்த மண்டபத்தில் இரு அவைகளும் கூடின. எதிர்க்கட்சித் தலைவர் கிளெமென்ட் அட்லி புகழுரை ஆற்றிப் பரிசை அளித்தார். பிபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. சர்ச்சில் படத்தைப் பார்த்துவிட்டு, இது நவீன ஓவியத்துக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு, வலிமையும் ஒளிவுமறைவின்மையும் இதில் கூடியிருக்கின்றன என்று பொருள்படப் பேசினார். அவை சிரித்தது. சொற்களில் பாராட்டு இருந்தது, தொனியில் கேலி இருந்தது. அவர் ஒரு வார்த்தைகூடப் பழித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பிலேயே படத்தின் மீதான தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

படம் எப்படி இருந்தது? ஏறக்குறைய 147க்கு 122 சென்டிமீட்டர் அளவு. மண்ணும் மஞ்சளும் கலந்த மங்கிய பின்புலம். நாற்காலியில் கனத்து அமர்ந்திருக்கும் முதியவர். கைப்பிடிகளை இறுகப் பற்றிய விரல்கள். சற்றே தாழ்ந்த முகம். வெற்றிக் களிப்பற்ற, பிடிவாதமான பார்வை. கால்கள் தெளிவாக முடிவுறாமல் பின்புலத்தோடு கரைகின்றன. இன்று நமக்கு எஞ்சியிருக்கும் புகைப்படங்களையும் ஆயத்த ஓவியங்களையும் வைத்துச் சொல்வதானால், இது கேலிச்சித்திரமும் அல்ல, முகத்துதியும் அல்ல. மூப்போடு மல்லுக்கட்டும் ஒரு வல்லவரின் படம்.

அரசியலைச் சேர்த்துப் பார்த்தால் சர்ச்சிலின் கோபம் இன்னும் விளங்கும். 1953 ஜூனில் அவருக்குப் பக்கவாதம் தாக்கியது. அது நாட்டு மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. அவர் எப்போது விலகுவார் என்று சொந்தக் கட்சியினரே எதிர்பார்த்திருந்தார்கள். 1955 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். உடல்நிலை பற்றிய உண்மையை அரசே மறைத்திருந்த காலத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவிலேயே ஓர் ஓவியம் அதை நாடறியச் சொல்லிவிட்டது. இதை ஒரு முதியவரின் அகந்தை என்று மட்டும் படிப்பவர்கள் இந்தப் பின்னணியைக் கணக்கில் எடுப்பதில்லை. மறுபுறம், நவீன ஓவியத்தின் ஆணவம் என்று படிப்பவர்கள் சதர்லாண்ட் தம் வழக்கமான முறையிலிருந்து சற்றும் விலகவில்லை என்பதை மறக்கிறார்கள். ஹெயில்ஷாம் பிரபு படத்தை அருவருப்பானது என்று வெளிப்படையாகவே சாடினார். அவரைப் போன்றோர் எதிர்பார்த்தது போர்க்காலத் தலைவரை. சதர்லாண்ட் வரைந்தது 1954இன் மனிதரை.

விழா முடிந்ததும் படம் சார்ட்வெல்லுக்குப் போயிற்று. அது எங்கும் மாட்டப்படவில்லை. சர்ச்சில் காலமானபின் அது நாடாளுமன்றத்துக்கு வரும் என்ற எண்ணம் பரிசளித்தோரிடம் இருந்தது. 1965இல் அவர் இறந்தார், படம் வரவில்லை. 1977 டிசம்பரில் கிளெமென்டைன் மறைந்தார். மறு ஆண்டுதான், அவர் ஏற்பாட்டில் அந்தப் படம் பல்லாண்டுகளுக்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளியாயிற்று. குடும்பத்தின் செயலர் கிரேஸ் ஹாம்ப்ளின் தம் சகோதரர் துணையோடு இரவில் எடுத்துச் சென்று எரித்தார் என்பது அவரது ஒலிப்பதிவு மூலம் பின்னும் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அப்போது உயிரோடிருந்த சதர்லாண்ட் அதைக் கலை அழிப்பு என்று கண்டித்தார். அந்தப் படத்துக்காக அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓர் ஆயத்தப் படம் 2024 ஜூனில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 6,60,000 பவுண்டுக்குப் போயிற்று.

என் மூன்று காரணிகளை இங்கே பொருத்திப் பார்ப்போம். சர்ச்சில் படத்தைப் பார்த்தது மிகத் தாமதமாக, அதுவும் புகைப்படமாக. படம் தனிமனிதருக்கான பரிசாகக் கொடுக்கப்பட்டதால் அதன் மீது அவையால் உரிமை கோர முடியவில்லை. விழாவில் சொல் முழுக்க வரையப்பட்டவரிடம் இருந்தது. சிரித்த அவைக்குப் பதில் சொல்லும் இடம் ஓவியருக்கு இருக்கவில்லை. படத்தைப் பிடிக்காதது சர்ச்சிலின் உரிமை. ஆனால் பிடிக்காததைச் சொல்ல வழியில்லாத மேடையில் அவரை நிறுத்தி, பிடித்ததாக நாட்டின் முன் பேசவைத்தது விழா. அடக்கிய வெறுப்பு கடைசியில் தீயாயிற்று.

4. மறுத்தவர்கள்

விழா மேடைக்கு வெளியே நடந்த மறுப்புகள் நல்ல ஒப்பீட்டைத் தருகின்றன. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டை 1902 வாக்கில் தியோபால்ட் சார்ட்ரான் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்தார். குடும்பத்தினர் அதைப் பூனைக்கு ஒப்பிட்டுச் சிரித்தார்கள். வெளிச்சமில்லாத இடத்தில் தொங்கிய அந்தப் படத்தையும் கடைசியில் அழித்துவிட்டார்கள். அடுத்து ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1903இல் வரைந்த படமே இன்று வெள்ளை மாளிகையில் இருக்கிறது.

லிண்டன் ஜான்சனின் கதை வேறு விதமாக முடிந்தது. வெள்ளை மாளிகை வரலாற்றுக் கழகத்துக்காகப் பீட்டர் ஹர்ட் அவரை வரைந்தார். அதிபர் ஒழுங்காக ஒரே ஓர் அமர்வு கொடுத்தார், அதிலும் தூங்கிவிட்டார். எஞ்சியதை ஹர்ட் புகைப்படங்களைக் கொண்டு முடித்தார். 1965இல் டெக்சாஸிலிருந்த ஜான்சனின் பண்ணை வீட்டில் படத்தைக் காட்டியபோது அவர் முகத்துக்கு நேரே குறை சொன்னார். தமக்குப் பிடித்த நார்மன் ராக்வெல்லின் படத்தை எடுத்துக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்றார். தாம் பார்த்ததிலேயே அவலட்சணமான பொருள் இதுதான் என்ற அவரது கருத்து 1967இல் செய்தித்தாள்களுக்கு வந்து நாடெங்கும் பேச்சாயிற்று. வெள்ளை மாளிகைக்கு எலிசபெத் ஷூமட்டாஃப் வேறொரு படம் வரைந்தார். ஹர்ட் தம் படத்தை வாஷிங்டனின் தேசிய உருவப்படக் காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

ஜான்சன் நடந்துகொண்ட விதம் நாகரிகமானதென்று யாரும் சொல்லமாட்டார்கள். சர்ச்சில் பேசியதோ நாகரிகத்தின் உச்சம். ஆயினும் நாகரிகமாக ஏற்கப்பட்ட படம் எரிந்தது. முரட்டுத்தனமாக மறுக்கப்பட்ட படம் பிழைத்தது. காரணம் எளிது: மறுக்கப்பட்டதால் ஹர்ட்டின் படம் ஓவியரின் கையிலேயே இருந்தது. ஒரு ஓவியத்துக்குப் பொய்யான ஏற்பைவிட நேரான மறுப்பே பாதுகாப்பானது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளையும்விட வலுவான சான்று வேண்டியதில்லை.

5. வாஷிங்டன், பிப்ரவரி 12, 2018

முன்னாள் அதிபர் பராக் ஒபாமா, மிஷல் ஒபாமா ஆகியோரின் உருவப்படங்கள் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் திறக்கப்பட்ட நாள் இது. பராக்கை வரைந்தவர் கெஹிண்டே வைலி. மிஷலை வரைந்தவர் ஏமி ஷெரால்ட். அதிபர் இணையரின் படங்களுக்காக அந்தக் காட்சியகம் பணியமர்த்திய முதல் கறுப்பின ஓவியர்கள் இவர்கள்.

விழாவின் அமைப்பே கவனிக்கத்தக்கது. வரையப்பட்டவரும் வரைந்தவரும் சேர்ந்து நின்று திரையை விலக்கினார்கள். ஓவியர்கள் இருவரும் ஒலிபெருக்கி முன் நின்று தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். ஒபாமா தம் உரையில், நரைமுடியைக் குறைத்தும் காதுகளைச் சிறிதாக்கியும் வரையும்படி ஓவியரிடம் பேரம் பேசிப் பார்த்ததாகவும், ஓவியரின் நேர்மை அதற்கு இடம் தரவில்லை என்றும் சொன்னார். வெஸ்ட்மின்ஸ்டரில் எழுந்ததைப் போலவே இங்கும் சிரிப்பு எழுந்தது. அங்கே ஓவியரின் மறுப்பு கேலிக்குரியதாயிற்று. இங்கே அதே மறுப்பு ஓவியரின் தகுதியாக மேடையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது.

படங்கள் சர்ச்சையைத் தவிர்க்கவில்லை. வைலி பராக்கை இலைச்சுவர் ஒன்றின் முன் அமர்த்தினார். இலைகளுக்கிடையே சிகாகோவைக் குறிக்கும் சாமந்தி, ஹவாயைக் குறிக்கும் மல்லிகை, கென்யாவைக் குறிக்கும் நீல அல்லி வகை. அரசாங்க ஓவியத்துக்கு இவ்வளவு பூ எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஷெரால்ட் தம் வழக்கப்படி மிஷலின் தோலைச் சாம்பல் நிறத்தில் தீட்டினார். முகம் ஒத்திருக்கவில்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். ஆனால் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூட்டம் தாங்காமல் மிஷலின் படத்தை அடுத்த மாதமே பெரிய அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவ்வாண்டு காட்சியகத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைப் போல ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 2021 முதல் 2022 வரை இரு படங்களும் சிகாகோ, புரூக்ளின், லாஸ் ஏஞ்சலஸ், அட்லாண்டா, ஹியூஸ்டன் நகரங்களுக்குப் பயணம் செய்தன.

இங்கே படங்கள் தொடக்கத்திலிருந்தே காட்சியகத்தின் சொத்து. ஒபாமா இணையருக்குப் பிடிக்காமல் போயிருந்தாலும் அவற்றை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க முடியாது. குறை சொன்னவர்களின் பேச்சும் படத்தை அழிக்கவில்லை, பார்க்கத்தான் தூண்டியது. ஒத்திருக்கவில்லை என்று ஒருவர் சொல்ல, ஏன் சாம்பல் நிறம் என்று மற்றொருவர் விளக்க, ஓவியத்தைப் பற்றிய ஒரு நாட்டளவிலான உரையாடல் உருவாயிற்று. விழா முடிந்தபின் நடக்க வேண்டியது இதுதான்.

வெள்ளை மாளிகையில் நடக்கும் திறப்பு இதிலிருந்து வேறுபட்டது. பதவியிலிருக்கும் அதிபர் தமக்கு முந்தையவரை அழைத்து விருந்தளித்து அவர் படத்தைத் திறந்துவைப்பது அங்கே நிலைத்த மரபு. 2012இல் ஒபாமா, ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை அப்படி அழைத்தார். ஒபாமாவின் முறை வந்தபோது டிரம்ப் ஆட்சியில் விழா நடக்கவில்லை. 2022 செப்டம்பர் 7 அன்று பைடன்தான் நடத்தினார். ராபர்ட் மெக்கர்டியும் ஷெரன் ஸ்பிரங்கும் வரைந்த படங்கள் அதுவரை மறைவில் காத்திருந்தன. விழாவை மட்டுமே ஒரே வாசலாக வைத்தால், அழைப்பவரின் மனத்தைப் பொறுத்துப் படம் ஆண்டுக்கணக்கில் இருளில் கிடக்க நேரும் என்பதை இது காட்டுகிறது.

6. நம் படத்திறப்பு

ஒபாமாக்களின் படங்கள் திறக்கப்பட்ட அதே 2018 பிப்ரவரி 12 அன்று சென்னையில், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை மண்டபத்தில், மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் உருவப்படத்தைப் பேரவைத் தலைவர் ப. தனபால் திறந்துவைத்தார். அம்மண்டபத்தில் இடம்பெற்ற பதினோராவது படம் அது. சொத்துக்குவிப்பு வழக்கின் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி எதிர்க்கட்சிகள் விழாவைப் புறக்கணித்தன. 2021 ஆகஸ்ட் 2 அன்று, சட்டமன்ற நூற்றாண்டு விழாவில், குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் மு. கருணாநிதியின் படத்தைத் திறந்துவைத்தார்; அது பதினாறாவது. இம்முறை அ.தி.மு.க. வரவில்லை.

இந்திய நாடாளுமன்ற மைய மண்டபத்திலும் இதே கதைதான். அங்கே முதலில் இடம்பெற்றது காந்தியின் படம்; வரைந்தவர் ஆஸ்வால்ட் பிர்லி என்ற ஆங்கிலேய ஓவியர். 1947 ஆகஸ்ட் 28 அன்று இராஜேந்திர பிரசாத் அதைத் திறந்துவைத்தார். இதே பிர்லி சர்ச்சிலையும் வரைந்தவர். சதர்லாண்டைப் போலன்றி மரபு வழுவாத உருவப்படக்காரர். அவர் தீட்டிய சர்ச்சில் படங்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. 2003 பிப்ரவரி 26 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் சாவர்க்கரின் படத்தை அதே மண்டபத்தில் திறந்துவைத்தபோது எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன.

இந்த விவாதங்கள் அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தவை: இவர் இந்தச் சுவரில் இடம்பெறத் தகுதியானவரா? அது நியாயமான, தேவையான கேள்வி. ஒரு மக்களாட்சி அவை யாரை முன்மாதிரியாக நிறுத்துகிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் அந்தக் கேள்வியோடு விவாதம் முடிந்துவிடுகிறது. படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது, எந்த வயதுத் தோற்றத்தை ஓவியர் தேர்ந்தார், ஏன் அந்த நிறம், ஏன் அந்த நிலை என்பவை பேசப்படுவதில்லை. செய்தி அறிக்கைகளில் திறந்தவர் பெயர் தலைப்பில் இருக்கும். வரைந்தவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்குப் பண்பாட்டுக் காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் படத்திறப்பு பெரும்பாலும் மறைந்தவருக்கானது. சுயமரியாதை இயக்கக் குடும்பங்களில் கருமாதிச் சடங்குக்கு மாற்றாகப் படத்திறப்பு நிலைபெற்றது. சொந்தபந்தமும் தோழர்களும் கூடி, படத்தைத் திறந்து, நினைவுரை ஆற்றி, உணவருந்திக் கலைவார்கள். புரோகிதரை விலக்கிவிட்டு இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் அந்த முறையின் மாண்பை நான் மதிக்கிறேன். அங்கே படம் என்பது மறைந்தவரின் இருப்பு. பெரும்பாலும் புகைப்படத்தின் பெரிதாக்கம். அதன் கலைத்தன்மையைப் பற்றி அங்கே யாரும் பேசத் தேவையில்லை. ஆனால் அதே மனநிலை சட்டமன்றத்துக்கும் கல்லூரிக்கும் வந்துவிட்டது. துக்க வீட்டில் படத்தை விமரிசிக்கக் கூடாது என்ற நாகரிகம் பொதுச் செலவில் வரையப்பட்ட ஓவியத்துக்கும் கவசமாகிவிட்டது.

அந்தக் கவசம் எப்போதும் தாங்குவதில்லை. 2018 பிப்ரவரி 24 அன்று அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் திறக்கப்பட்ட ஜெயலலிதாவின் சிலையில் அவர் சாயலே இல்லை என்று தொண்டர்களும் பொதுமக்களும் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் வேறு சிலை வைக்கப்பட்டது. எவ்வளவு பெரிய விழாவும் மக்களின் கண்ணை மூட முடியாது. ஆனால் அந்த விவாதமும் சாயல் என்ற ஒற்றை அளவுகோலோடு நின்றுவிட்டது.

சாயல் என்ற அளவுகோலே இல்லாத ஒரு படமும் அதே பேரவை மண்டபத்தில் இருக்கிறது. திருவள்ளுவரின் முகத்தைப் பார்த்தவர் எவரும் இல்லை. கே. ஆர். வேணுகோபால் சர்மா தம் கற்பனையிலும் குறள் வாசிப்பிலும் இருந்து அந்த உருவத்தை உருவாக்கினார். அரசியல் தலைவர்களும் தமிழறிஞர்களும் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லி ஏற்றார்கள். 1960இல் அது அஞ்சல்தலையாயிற்று. 1964இல் குடியரசுத் துணைத் தலைவராயிருந்த ஜாகிர் உசேன் அதைச் சட்டமன்றத்தில் திறந்துவைத்தார். பின்னர் அரசு அலுவலகங்களிலெல்லாம் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் மிக வெற்றிகரமான உருவப்படம் இது என்று தயங்காமல் சொல்லலாம். அந்த வெற்றி விழாவன்று கிடைத்ததல்ல. திறப்புக்கு முன்பே பலர் பார்த்தார்கள், பேசினார்கள், ஏற்றார்கள். திறப்பு அந்த ஏற்பை உறுதி செய்தது, அவ்வளவே. வள்ளுவரை ஒவ்வொரு நாளும் பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு வேணுகோபால் சர்மாவின் பெயர் தெரியும் என்பது மட்டும் வருத்தத்துக்குரிய கேள்வியாகவே நிற்கிறது.

7. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது: முகம் வரையப்பட்டவருடையது, பிடிக்காத படத்தை அழிக்க அவருக்கு உரிமை இல்லையா? தம் பணத்தில் தமக்காக வரைந்துகொண்ட படமென்றால் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஆனால் சட்டம்கூட அங்கே முழு உரிமை தருவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பை விற்றபின்னும் படைப்பாளிக்கு உள்ள உரிமைகளைக் காக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதைத்த வழக்கில், படைப்பை அழிப்பதும் படைப்பாளியின் உரிமையை மீறுவதே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கியது. அதே 57ஆம் பிரிவு, படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பது மீறலாகாது என்றும் சொல்கிறது. இது நியாயமான நடுவழி. பிடிக்காத படத்தை மாட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதை எரிக்க யாருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது: வரையப்படுபவருக்கு முன்னதாகவே காட்டினால் ஓவியர் அவர் விருப்பத்துக்கு வளைந்துகொடுத்து முகத்துதிப் படமே மிஞ்சாதா? ஆபத்து உண்மையானதே. ஆனால் அண்மைச் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் சார்லஸ் மன்னரை ஜோனதன் யோ வரைந்தபோது, பாதி முடிந்த நிலையிலேயே மன்னர் அதைப் பார்த்தார். அடர்சிவப்பு நிறம் அவரை வியக்கவைத்தது. யோ நிறத்தை மாற்றவில்லை. 2024 மே 14 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னரே திரையை விலக்கினார். உலகமே அந்தச் சிவப்பைப் பற்றி விவாதித்தது. படம் அதை வரையச் சொன்ன டிரேப்பர்ஸ் நிறுவனத்தின் மண்டபத்துக்குச் சென்றது. 2013இல் பால் எம்ஸ்லி வரைந்த கேட் மிடில்டனின் படத்தை அவர் தனியே பார்த்து மனமாரப் பாராட்டினார். விமரிசகர்கள் பலர் கடுமையாகச் சாடினார்கள். லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் சொத்தாக அது நீடிக்கிறது. முன்பார்வை ஓவியரின் முதுகெலும்பை முறிப்பதில்லை. வரையப்பட்டவர் அதிர்ச்சியை மேடையில் விழுங்க வேண்டிய நிலையைத்தான் அது தவிர்க்கிறது.

மூன்றாவது: விழா மகிழ்ச்சிக்கானது, அங்கே ஆராய்ச்சி எதற்கு? விழாவன்று ஆராய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விழாவோடு ஆராய்ச்சி முடிந்துவிடக் கூடாது என்கிறேன். கைதட்டல் ஓய்ந்தபின் ஓவியத்தின் முன் நின்று பார்ப்பதற்கும் பேசுவதற்கும் இடமும் காலமும் வேண்டும்.

8. முடிவு

திறப்பு விழாவைக் கைவிட வேண்டியதில்லை. ஒருவரைக் கூடி மதிப்பது நல்ல செயல். ஒரு ஓவியத்தைக் கூடி வரவேற்பது அதைவிட அரிய செயல். ஆனால் மேலே கண்ட நிகழ்வுகள் நான்கு நடைமுறைகளை வலியுறுத்துகின்றன. வரையப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ படத்தை நேரில், தனிமையில், விழாவுக்கு நெடுநாள் முன்பே பார்க்க வேண்டும். மறுக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு அப்போதே இருக்க வேண்டும். பொதுப் பணத்தில் வரையப்பட்ட படம் பொது நிறுவனத்தின் சொத்தாக, பட்டியலில் பதிந்ததாக இருக்க வேண்டும். தனிமனிதருக்குப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. அழைப்பிதழிலும் சுவர்ப் பலகையிலும் செய்திக் குறிப்பிலும் திறந்தவர் பெயருக்கு இணையாக வரைந்தவர் பெயர் இடம்பெற வேண்டும். மேடையில் அவர் ஐந்து நிமிடமாவது பேச வேண்டும். விழாவுக்குப் பின் படம் பொதுமக்கள் அருகே வந்து பார்க்கும்படி சில நாள்களாவது காட்சிக்கு இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு ஆகாது. நம் சட்டமன்றமும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றங்களும் தங்கள் சுவர்களில் இருக்கும் ஒவ்வொரு உருவப்படத்தின் கீழும் அதை வரைந்தவர் பெயரையும் வரைந்த ஆண்டையும் எழுதிவைப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம். அடுத்த படத்திறப்புக்குச் செல்லும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: திரை விலகியதும் கைதட்டுங்கள், பிறகு வரைந்தவர் யார் என்று கேளுங்கள்.